காந்தம் தள்ளுவது கம்பியையா, மின்னோட்டத்தையா?

இரப்பர்த் தொழிற்சாலையில் உறைந்த பாலைப் பிழிந்து தகடாக்கும் உருளைகளைச் சுழற்றுவது மின்மோட்டார். லயத்து வீட்டில் சுழலும் விசிறிக்குள்ளும், நீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்புக்குள்ளும் இருப்பவை அதன் சிறிய தம்பிகளே. பழுதுபட்ட மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள்: உள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள், இரும்புத் தகடுகள், நடுவே ஓர் அச்சு, அவ்வளவுதான். எரியும் பொருள் ஏதும் அதனுள் இல்லை. அப்படியிருந்தும் பல ஆட்கள் சேர்ந்து சுற்ற வேண்டிய உருளைகளை அது தனியே சுற்றுகின்றது. அவ்வளவு ஆற்றலுக்கும் அடிப்படையாக நிற்பது ஓர் எளிய இயற்கை விதி. காந்தப் புலத்தினுள் இருக்கும் உலோகக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், அக்கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும்.

ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் பயிலும் நம் பிள்ளைகள் இவ்விதியை நன்கு அறிவார்கள். இடக் கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டி, சுட்டுவிரல் காந்தப் புலத்தின் திசை, நடுவிரல் மின்னோட்டத்தின் திசை, பெருவிரல் கம்பி நகரும் திசை என்று காட்டுவார்கள். இதற்குப் பிளெமிங்கின் இடக்கை விதி என்று பெயர். தேர்வு எழுதுவதற்கு இது போதும். ஆயினும் இவ்விதி பதில் கூறாமல் விட்டுவிடும் ஒரு கேள்வி உண்டு. காந்தம் தள்ளுவது எதனை? கம்பியாக நம் கண்ணுக்குத் தெரியும் உலோகத்தையா? அல்லது அந்த உலோகத்தினுள் பாயும் மின்னோட்டத்தையா?

கம்பி நகர்ந்தால் சரி, எது தள்ளப்பட்டால் நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான், உலோகத்தின் உள்ளே நிகழ்வதை எட்டிப் பார்க்க மனிதனுக்கு ஒரு சாளரம் திறந்தது. அதைத் திறந்தவர் பேரும் புகழும் பெற்ற பேரறிஞர் அல்லர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு மீண்டும் மாணவராகச் சேர்ந்த 23 வயது இளைஞர் அவர்.

முதலில் ஒரு சோதனை

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையோடு தொடங்குவோம். பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று, சமையலுக்குப் பயன்படும் அலுமினியத் தாள் கொஞ்சம், டார்ச்சு விளக்குப் பேட்டரி ஒன்று ஆகியவை வேண்டும். அலுமினியத் தாளில் விரல் நீளத்தைவிடச் சற்று அதிகமாக, அரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையை நறுக்கிக் கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் இரண்டு மின்கம்பித் துண்டுகளோடு முறுக்கிச் சேர்த்து, காந்தத்தின் தட்டையான முகத்திற்கு மேலே, முகத்தைத் தொட்டும் தொடாமலும் தளர்வாகத் தொங்க விடுங்கள்.

இப்போது எதுவும் நடக்காது. அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆனால் மின்கம்பிகளின் மறுமுனைகளைப் பேட்டரியின் இரு முனைகளிலும் ஒரு நொடி தொட்டு எடுத்துவிடுங்கள். பட்டை திடுக்கிட்டாற்போல் ஒரு பக்கம் துள்ளும். கம்பிகளை மாற்றித் தொட்டால் மறுபக்கம் துள்ளும். காந்தத்தைக் கவிழ்த்து வைத்தாலும் திசை மாறும்.

ஓர் எச்சரிக்கை. நீண்ட நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் பட்டையும் பேட்டரியும் சூடேறிக் கையைச் சுடும். ஒரு நொடி போதும். டார்ச்சுப் பேட்டரியைத் தவிர வேறு எதையும் இதற்குப் பயன்படுத்தலாகாது. சுவரில் உள்ள மின்சாரத்தின் பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. அது உயிரைப் பறிக்கும்.

இச்சோதனையில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கின்றது. மின்சாரம் இல்லாத அலுமினியத்தைக் காந்தம் கண்டுகொள்ளவே இல்லை. மின்சாரம் பாய்ந்த கணத்திலேயே அது வேலையைக் காட்டுகின்றது. அப்படியானால் காந்தத்தின் பிடியில் அகப்படுவது அலுமினியமா, மின்சாரமா?

பெரிய நூலில் ஒரு வாக்கியம்

மின்சாரத்திற்கும் காந்தத்திற்கும் உறவு உண்டு என்பதை 1820ஆம் ஆண்டு கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட். மின்சாரம் பாயும் கம்பியின் அருகே வைத்த திசைகாட்டி ஊசி திரும்பியதை அவர் கண்டார். அதே ஆண்டில், மின்சாரம் பாயும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்யும் என்பதைப் பிரான்சு நாட்டு ஆம்பியர் காட்டினார். 1821ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே, மின்சாரம் பாயும் கம்பி ஒன்றைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். இன்றைய மோட்டார்களின் மூதாதை அதுவே.

இவர்கள் எல்லாரும் கண்டறிந்தவற்றைக் கணிதத்தின் துணைகொண்டு ஒன்றாகத் தொகுத்தவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1873ஆம் ஆண்டு இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அத்துறையில் அதற்கு மிஞ்சிய நூல் அப்போது இல்லை. அந்நூலின் இரண்டாம் பாகத்தில், நமது கேள்விக்கு மேக்ஸ்வெல் உறுதியாக விடையளித்திருந்தார். காந்தத்தின் விசை செயற்படுவது மின்னோட்டத்தின் மீது அன்று, அதனைத் தாங்கிச் செல்லும் கடத்தியின் மீதே என்பது அவரது கருத்து. கடத்தியை அசையாமல் பொருத்திவிட்டால், காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனுள் மின்னோட்டம் ஒரே விதமாகவே பரவிச் செல்லும் என்றும் அவர் விளக்கினார். ஒரு குழாயைக் கையால் தள்ளினால் தள்ளப்படுவது குழாய்தான், உள்ளே ஓடும் நீரை நமது கை தொடுவதில்லை என்று சொல்வதைப் போன்றது இது.

இந்த இடத்தை வாசித்துத் தயங்கி நின்றவர்தான் எட்வின் ஹால். 1855ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்த பின் இரண்டு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றிவிட்டு, 1877ஆம் ஆண்டு பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகமே தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ஹாலுக்கு எழுந்த ஐயம் நமது அலுமினியப் பட்டை எழுப்பும் அதே ஐயமே. மின்சாரம் இல்லாத கம்பியைக் காந்தம் பொருட்படுத்துவதில்லை. மின்சாரத்தைக் கூட்டினால் தள்ளும் விசையும் அதே அளவு கூடுகின்றது. கம்பி தடித்ததா, மெல்லியதா, செம்பா, வெள்ளியா என்பதெல்லாம் விசையைப் பெரிதாக மாற்றுவதில்லை. இவ்வாறிருக்க, விசை உலோகத்தின் மீதுதான், மின்னோட்டத்தின் மீது அன்று என்று எவ்வாறு கொள்வது? போதாக்குறைக்கு, சுவீடன் நாட்டு அறிஞர் எட்லண்ட் மேக்ஸ்வெல்லுக்கு மாறான கருத்தோடு எழுதியிருந்த கட்டுரை ஒன்றும் அவர் கண்ணில் பட்டது. இரு பெரியவர்கள் முரண்படும்போது ஒரு மாணவன் என்ன செய்வது? ஹால் தம் பேராசிரியர் ஹென்றி ரோலண்டிடம் சென்று கேட்டார்.

ரோலண்டின் பதிலைப் பாராட்டியே ஆகவேண்டும். மேக்ஸ்வெல் சொன்னால் சொன்னதுதான், நீ போய்ப் பாடத்தைப் படி என்று அவர் விரட்டவில்லை. அந்த வாக்கியத்தின் மீது தமக்கும் ஐயம் உண்டு என்றும், தாமே ஒருமுறை அவசரமாக ஒரு சோதனை செய்து பார்த்துப் பயன் காணவில்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

இரப்பர்த் தகடுகளும் தங்க ரேக்கும்

ஹாலின் முதல் முயற்சி இவ்வாறு அமைந்தது. காந்தம் மின்னோட்டத்தையே தள்ளுமானால், அசையாத கம்பியின் உள்ளே மின்னோட்டம் ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் அது செல்லும் வழி குறுகும். வழி குறுகினால் கம்பியின் மின்தடை உயர வேண்டும். ஆகவே காந்தத்தை வைத்தும் எடுத்தும் தடையை அளந்தால் போதும். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த ஜெர்மன் வெள்ளி என்னும் உலோகக் கலவையால் ஆன, அரை மில்லிமீட்டர் கனமுள்ள கம்பியைத் தட்டையான சுருளாகச் சுற்றி, இரண்டு மெல்லிய வன்இரப்பர்த் தகடுகளுக்கு இடையில் வைத்து, வலிமை மிக்க மின்காந்தத்தின் நடுவே அவர் பொருத்தினார்.

இரப்பர் என்ற சொல்லைக் கண்டதும் நம் வாசகர்களுக்கு ஓர் ஆவல் எழக்கூடும். இரப்பருடன் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கினால் கிடைக்கும் கறுத்த, கடினமான பொருளே வன்இரப்பர். மின்சாரம் அதன் வழியே கசிவதில்லை என்பதால் அக்காலத்து மின்கருவிகளில் அதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. அந்த இரப்பர் நமது நாட்டில் விளைந்தது அன்று. 1877ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரத் தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில பேராக் மாநிலம் கோலகங்சாரில் நடப்பெற்றன. ஹால் இச்சோதனையைச் செய்த 1879ஆம் ஆண்டில் அக்கன்றுகள் உளியே படாத இளங்கன்றுகள். அன்று உலகச் சந்தைக்கு வந்த இரப்பர் காடுகளில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்தும் கொடிகளிலிருந்தும் திரட்டப்பட்டதாகும்.

1879ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் முதல் 11ஆம் நாள் வரை, தொடருக்கு நாற்பது அளவீடுகளாகப் பதின்மூன்று தொடர்களை ஹால் எடுத்து முடித்தார். தடையில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் நேர்ந்தாலும் காட்டக்கூடிய ஏற்பாடு அது. அப்படியும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் தெரியவில்லை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அளவீடுகளின் முடிவு வெறுங்கை.

இந்நிலையில் பலர் மேக்ஸ்வெல் சொன்னதே சரி என்று நூலை மூடியிருப்பார்கள். ஹால் வேறு விதமாகச் சிந்தித்தார். மின்னோட்டம் ஒதுங்க முயல்கின்றது, ஆனால் ஏதோ அதனைத் தடுத்துவிடுகின்றது என்று வைத்துக்கொண்டால் என்ன? அப்போது தடை மாறாது. ஆனால் ஒரு பக்கம் அழுத்தம் மிகுந்திருக்கும். அவ்வழுத்தத்தைக் கம்பியின் நீளவாக்கில் தேடிப் பயனில்லை, குறுக்கே தேட வேண்டும்.

ரோலண்ட் முன்பு செய்து கைவிட்ட சோதனையும் ஏறக்குறைய இத்தகையதே. ஆனால் அவர் பயன்படுத்திய உலோகத் தகடு கனமாக இருந்துவிட்டது. அதே சோதனையை மெல்லிய தங்க ரேக்கைக் கொண்டு மீண்டும் செய்து பார் என்று அவர் மாணவருக்கு வழிகாட்டினார். கோயில் திருவுருவங்களில் பொன் மெருகிட ஒட்டுவார்களே, அந்த ரேக்குதான். பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே அதற்கு உண்டு. ஹால் அதனைக் கண்ணாடித் தகட்டின் மீது ஒட்டினார். நீளவாக்கில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். ரேக்கின் இரு பக்க ஓரங்களில் நேர் எதிரெதிராக இரண்டு புள்ளிகளைத் தேர்ந்து, மிக நுண்ணிய மின்னோட்டத்தையும் காட்டவல்ல கால்வனோமீட்டருடன் இணைத்தார். காந்தம் இல்லாதபோது முள் அசையாதவாறு அப்புள்ளிகளைச் சரிசெய்து கொண்டார். பிறகு, கண்ணாடியின் முகத்தை ஊடுருவிச் செல்லுமாறு காந்தப் புலத்தைச் செலுத்தினார்.

அக்டோபர் 28ஆம் நாள் முள் விலகியது. காந்தத்தை இயக்கும் கணத்தில் மட்டும் துடித்துவிட்டு அடங்கியிருந்தால், அது ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டல் என்று தள்ளிவிடலாம். ஆனால் காந்தம் இருந்தவரையில் முள் விலகியே நின்றது. காந்தத்தின் திசையை மாற்றியதும் மறுபக்கம் விலகியது. மின்னோட்டத்தைக் கூட்டினாலும், காந்தப் புலத்தைக் கூட்டினாலும், அதற்கேற்ப விலகலும் கூடியது. உலோகம் கண்ணாடியில் ஒட்டிக்கிடக்க, அதனுள்ளே ஏதோ ஒன்று ஓரத்திற்குத் தள்ளப்படுகின்றது என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாயிற்று. இன்று அறிவியல் உலகம் இதனை ஹால் விளைவு என்று அழைக்கின்றது.

அதற்கு எட்டு நாள்களுக்குப் பின், நவம்பர் 5ஆம் நாள், மேக்ஸ்வெல் தம் 48ஆம் வயதில் கேம்பிரிட்ஜில் காலமானார். தமது வாக்கியத்தை ஒரு மாணவர் சோதித்துப் பார்த்த செய்தி அச்சேறியபோது அவர் இல்லை.

கூட்டமும் தடுப்பும்

ஹால் கண்டது நிகழ்ச்சியை. காரணத்தை அன்று யாராலும் கூற இயலவில்லை. ஓரத்திற்குத் தள்ளப்பட்ட அந்த ஏதோ ஒன்று எலக்ட்ரான் எனப்படும் எதிர்மின் துகள் என்பது, 1897ஆம் ஆண்டு ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பின்னரே புலனாயிற்று. இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு உலோகத்தின் உள்ளே நிகழ்வதை விளக்கலாம்.

தைப்பூச நாளில் பத்துமலைச் சாலையை நினைத்துப் பாருங்கள். இருபுறமும் தடுப்புகள். நடுவே தோளோடு தோள் உரச மக்கள் கூட்டம் கோயிலை நோக்கி நகர்கின்றது. அப்போது வலப்பக்கமிருந்து எல்லாரையும் ஏதோ ஒரு விசை இடப்பக்கம் தள்ளுவதாகக் கொள்வோம். முதலில் கூட்டம் இடப்பக்கம் சாயும். இடத் தடுப்பின் ஓரமாக நெரிசல் மிகும். வலத் தடுப்பின் ஓரம் சற்றுக் கலையும். நெரிசலில் அகப்பட்டவர்கள் மற்றவர்களை மேலும் நெருங்க விடாமல் எதிர்த்துத் தள்ளுவார்கள். விரைவிலேயே தள்ளும் விசையும் எதிர்த் தள்ளலும் சமமாகிவிடும். அதன் பின்னர்க் கூட்டம் சாயாது, முன்போலவே நேராகக் கோயிலை நோக்கிச் செல்லும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் இடத் தடுப்பின் மீது கையை வைத்துப் பார்ப்பவர் அதன் அழுத்தத்தை உணர்வார். அத்தடுப்பைத் தரையில் ஊன்றாமல் விட்டிருந்தால், அது கூட்டத்தோடு சேர்ந்து இடப்பக்கம் நகர்ந்துவிடும்.

கூட்டத்தின் இடத்தில் எலக்ட்ரான்களையும், தடுப்புகளின் இடத்தில் உலோகத்தையும் வைத்தால் ஹாலின் சோதனை விளங்கிவிடும். காந்தப் புலம் நகரும் எலக்ட்ரான்களை ஓர் ஓரத்திற்குத் தள்ளுகின்றது. அவை அங்கே சேரச் சேர அவ்வோரம் எதிர்மின் தன்மையும், மற்ற ஓரம் நேர்மின் தன்மையும் பெறுகின்றன. இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்த வேறுபாடு, பின்வரும் எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளுகின்றது. இரண்டு விசைகளும் சமமானதும் மின்னோட்டம் மீண்டும் நேராகச் செல்கின்றது. முதல் சோதனையில் ஹாலுக்குத் தடை மாற்றம் தெரியாமற்போனதன் காரணம் இதுவே. கால்வனோமீட்டர் காட்டியது தடுப்பின் மீது விழும் அழுத்தத்தை.

நமது அலுமினியப் பட்டை துள்ளியதற்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கின்றது. காந்தம் தள்ளியது எலக்ட்ரான்களை. எலக்ட்ரான்கள் பட்டையை விட்டு வெளியேற முடியாது. ஆகவே அவை உலோகத்தையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தன. தொழிற்சாலை உருளைகளைச் சுழற்றுவதும் இந்தக் கூட்டத்தின் தள்ளலே.

இவ்வாறு பார்க்கும்போது மேக்ஸ்வெல் முற்றிலும் தவறினார் என்று சொல்வதும் நியாயமாகாது. அசையாத கடத்தியில் மின்னோட்டம் இறுதியில் நேராகவே செல்கின்றது என்பதில் அவர் சரி. அந்த நேர்மைக்குப் பின்னால் ஒரு தள்ளலும் ஓர் எதிர்த் தள்ளலும் மறைந்திருக்கின்றன என்பதே அவர் காணாதது.

எறும்பைவிட மெதுவாக

குறுக்கே எழும் இம்மின்னழுத்தம் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள செப்புத் தகட்டில் 10 ஆம்பியர் மின்சாரத்தைச் செலுத்தி, 1 டெஸ்லா வலிமையுள்ள காந்தப் புலத்தில் வைத்தால் கிடைப்பது ஒரு வோல்ட்டில் பத்து இலட்சத்தில் ஏழு பங்குதான். டார்ச்சுப் பேட்டரியின் அழுத்தத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் அதே புலத்தில் அதே மின்சாரம் பாயும் ஒரு மீட்டர் நீளக் கம்பியைத் தள்ளும் விசையோ ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தூக்கப் போதுமானது.

இந்த வேறுபாடு எதனால் வந்தது? கூட்டம் மிகப் பெரிது, நடை மிக மெதுவானது, காரணம் அதுதான். ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் நகரக்கூடிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை எழுத, 85 என்று எழுதி அதன் பின் 21 சுழிகள் இட வேண்டும். இத்தனை பேர் சேர்ந்து நகரும்போது ஒவ்வொருவரும் ஓட வேண்டிய தேவையில்லை. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் பாயும்போது, எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு தூரமே முன்னேறுகின்றன. ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 26 சென்டிமீட்டர். பால் மரத்தின் மீது ஊரும் எறும்பு அவற்றை எளிதில் முந்திவிடும்.

அப்படியானால் சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிவது எப்படி என்று கேட்கலாம். நீர் நிறைந்த குழாயில் ஒரு முனையைத் திறந்ததும் மறுமுனையில் உடனே நீர் சொட்டுவது போல, கம்பி முழுவதும் ஏற்கெனவே எலக்ட்ரான்கள் நிறைந்திருப்பதால் எல்லாம் ஒருங்கே நகரத் தொடங்குகின்றன. வீடுகளுக்கு வருவதோ நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் மாறும் மாறுமின்னோட்டம். அதில் எலக்ட்ரான்கள் எங்குமே போவதில்லை. நின்ற இடத்தில் நின்றபடி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் அசைந்தாடிக் கொண்டிருக்கின்றன.

தகடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு ஹால் அழுத்தம் உயரும். வழி குறுகலாக இருந்தால் கூட்டம் விரைந்து நடந்தாக வேண்டும். விரைந்து நடப்பவர்களைக் காந்தம் பலமாகத் தள்ளும். கனத்த தகட்டில் ரோலண்ட் தோற்றதும், தங்க ரேக்கில் ஹால் வென்றதும் இதனால்தான்.

இரும்பு காட்டிய மாறுபாடு

தங்கத்தோடு ஹால் நிற்கவில்லை. வெள்ளி, இரும்பு என்று பல உலோகங்களை எடுத்துக்கொண்டார். 1880ஆம் ஆண்டு இரும்பில் சோதித்தபோது, முள் தங்கத்தில் விலகிய பக்கத்திற்கு நேர் எதிராக விலகியது. துத்தநாகமும் அப்படித்தான். இது பல ஆண்டுகள் அறிஞர்களைக் குழப்பியது. எல்லா உலோகங்களிலும் ஓடுவது எலக்ட்ரானே என்றால், சிலவற்றில் மட்டும் நேர்மின் துகள் ஓடுவது போல எப்படித் தோன்றும்?

இதற்கு வழி காட்டியவர் ருடால்ஃப் பையர்ல்ஸ்; ஆண்டு 1929. காலைப் பெரட்டில் நெருங்கி நிற்கும் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள். முதல் ஆள் விலகிச் சென்றால் இரண்டாம் ஆள் முன்னே வருவார். அவரது இடத்திற்கு மூன்றாம் ஆள் வருவார். ஆட்கள் முன்னே நகர, காலியிடம் பின்னே நகரும். ஏறக்குறைய நிரம்பிய நிலையிலுள்ள சில உலோகங்களில் எலக்ட்ரான்களின் நகர்ச்சியைக் கணக்கிடுவதைவிடக் காலியிடங்களின் நகர்ச்சியைக் கணக்கிடுவதே எளிது. எதிர்மின் துகள் இல்லாத இடம் நேர்மின் துகளைப் போல நடந்துகொள்ளும். துத்தநாகத்திற்கு இவ்விளக்கம் பொருந்தும். இரும்பு தானே காந்தமாகிவிடும் உலோகம் ஆதலால் அதன் கதை இன்னும் சிக்கலானது. அதை இங்கே விரிக்க இடமில்லை.

ஹால் முதலில் தேடிய தடை மாற்றம் முற்றிலும் பொய் என்றும் எண்ண வேண்டா. இரும்பின் தடையைக் காந்தம் சற்றே மாற்றுகின்றது என்பதை 1856ஆம் ஆண்டிலேயே வில்லியம் தாம்சன் கண்டிருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. பிஸ்மத் என்னும் உலோகத்தில் அம்மாற்றம் வெளிப்படையாகவே தெரியும். இரும்பையும் குரோமியத்தையும் சில அணுக்களின் கனமே உள்ள அடுக்குகளாக மாறி மாறி அமைத்தால் காந்தம் தடையைப் பெருமளவு மாற்றும் என்று 1988ஆம் ஆண்டு கண்டறிந்த ஆல்பர்ட் ஃபெர்ட், பீட்டர் குருன்பெர்க் இருவருக்கும் 2007ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. கணினித் தகடுகளில் தகவலை மிக நெருக்கமாகப் பதிந்து படிக்க வழி பிறந்தது அதனால்தான்.

கைப்பிடிக்குள் இருக்கும் ஹால்

உலோகத்தில் ஹால் அழுத்தம் மிகச் சிறிது என்பதால் நெடுங்காலம் அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. எலக்ட்ரான் கூட்டம் பெரிதாக இருப்பதுதானே இடையூறு? சிலிக்கன் முதலிய குறைகடத்திகளில் அக்கூட்டம் பல இலட்சம் மடங்கு சிறிது. ஆகவே அவற்றில் ஹால் அழுத்தம் எளிதில் அளக்கும் அளவுக்கு எழும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரிசி மணியளவு ஹால் உணரிகள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாகத் தொடங்கின.

மின்சார மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைத் திருகினால் வேகம் கூடுகின்றதல்லவா? பல வண்டிகளில் அக்கைப்பிடியில் ஒரு சிறு காந்தமும், அதனருகே ஒரு ஹால் உணரியும் இருக்கின்றன. கைப்பிடி திரும்பத் திரும்பக் காந்தப் புலம் மாறும். உணரியின் குறுக்கழுத்தம் மாறும். அதைக் கண்டு மோட்டாருக்குச் செல்லும் மின்சாரம் கூடும், குறையும். தொடும் பாகங்கள் இல்லாமையால் தேய்மானம் இல்லை. மழையும் சேறும் அதனை எளிதில் கெடுப்பதில்லை. மோட்டாரின் உள்ளேயும், சுழலும் காந்தம் இப்போது எந்த நிலையில் நிற்கின்றது என்று பார்த்துச் சொல்ல இத்தகைய உணரிகளே பொருத்தப்பெறுகின்றன. கம்பியை வெட்டாமல், அதன் மேல் கவ்வி நேர்மின்னோட்டத்தை அளக்கும் இடுக்கி மீட்டரை மின்பணியாளர் கையில் பார்த்திருப்பீர்கள். அதன் தாடைக்குள்ளும் ஹால் உணரி இருக்கின்றது. கைப்பேசியில் வடக்குத் திசையைக் காட்டும் கருவி பலவற்றிலும் இதுவே வேலை செய்கின்றது.

எட்வின் ஹால் 1881ஆம் ஆண்டு ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1921ஆம் ஆண்டு வரை அங்கே ஆசிரியராக இருந்தார். பள்ளி மாணவர்கள் தம் கையாலேயே செய்து கற்க வேண்டிய இயற்பியல் சோதனைகளை வகுத்துக் கொடுப்பதில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. உலோகத்தினுள் மின்சாரமும் வெப்பமும் செல்லும் விதத்தை இறுதிவரை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி பற்றிய அவரது நூல், அவர் மறைந்த 1938ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.